மூளை அறைத் திரவத்தில் மட்டும் பரவல் பெறுமானம் குறைகிறது, உதவுங்கள்

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். பௌதிகவியல் இறுதியாண்டு ஆய்வுக்காக, எம்.ஆர்.ஐ படங்களிலிருந்து மூளை இழையத்தில் நீர் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று கணக்கிடுகிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

கண்டியில் எடுத்த, பெயர் நீக்கிய படங்கள். காந்தப்புலம் 1.5 டெஸ்லா; பி பெறுமானம் (பரவலை எவ்வளவு வலுவாகப் படத்தில் காட்டுவது என்ற அமைப்பு; அது கூடக் கூட, வேகமாகப் பரவும் நீரின் சமிக்ஞை குறையும்) 0, 500, 1000. இழையத்தில் செக்கனுக்கு 0.0008 சதுர மில்லிமீற்றர், அது சரி. மூளை அறைத் திரவம், அதாவது மூளைக்குள் இருக்கும் குழிகளை நிரப்பும் திரவம், உடல் சூட்டில் இருக்கும் நீர் மாதிரிதானே, 0.003 அளவில் வரவேண்டும். 0.0021ஐத் தாண்டவே இல்லை.

கணினி நிரலை முதலிலிருந்து திரும்ப எழுதினேன். அறையின் ஓரங்களை விட்டு நடுவில் மட்டும் அளந்தேன். போன கிழமை ரெஜிபோம் பெட்டியில் உருகும் ஐஸ் நிரப்பி, நடுவில் தண்ணீர்ப் போத்தலைப் புதைத்து ஸ்கேன் செய்தோம். போத்தல் வியர்த்து, பெட்டியைத் தாங்கிய கை மரத்துப்போனது. ஆனால் பூச்சியப் பாகை நீருக்கு வரவேண்டிய 0.0011 கச்சிதமாக வந்தது. அதனால் இயந்திரத்தில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை.

ஒன்று கவனித்தேன்: 1000ஐ விட்டுவிட்டு 0, 500 மட்டும் எடுத்தால் 0.0028 வருகிறது. 1000இல் திரவத்தின் சமிக்ஞை இருபதில் ஒரு பங்காகிவிடும். அது இரைச்சலுக்குள் மூழ்குகிறது என்றுதான் நினைக்கிறேன்.

இரைச்சல் அளவைக் கழித்துக் கணக்கிடுவதா, திரவத்துக்கு 500 வரை மட்டும் எடுப்பதா, எது சரியான முறை?