பத்ரோன் 1964 மதூரோ: பிடித்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கானல்:

நிகரகுவா சுருட்டு என்றாலே காரம், தலை சுற்றும், நமக்கு ஒத்துவராது என்று ஒதுக்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். ஒரே ஒரு சுருட்டை எடுத்துக்கொள்கிறேன்: பத்ரோன் நிறுவனத்தின் 1964 ஆனிவர்சரி வரிசையில் வரும் எக்ஸ்க்ளூசிவோ, அதிலும் மதூரோ, அதாவது கரும்பழுப்பு மேலிலை சுற்றியது. எனக்குத் தெரிந்து நிகரகுவா இலையின் முழு அழகும் தெரிவது இதில்தான். ஆனால் அது அவசரப்படுகிறவர்களுக்குக் கிடைக்காது. அவசரமாக இழுத்தால் இதுவும் வெறும் காரமான சுருட்டுதான்.

முதலில் கையில் எடுத்துப் பாருங்கள். 5½ அங்குல நீளம், 50 ரிங் கேஜ் (ஓர் அங்குலத்தை 64 பங்காக்கிய கணக்கு அது, ஆக முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்). உருண்டையாக இருக்காது. சுற்றி முடித்ததும் ஈரம் இருக்கும்போதே அழுத்தி வைப்பதால் நான்கு பக்கமும் மழுங்கிய பட்டையாக வரும், இரண்டு விரலுக்கு நடுவில் உருளாமல் உட்காரும். மேலே சுற்றியிருக்கும் இலை நல்ல கரும்பழுப்பு, லேசான எண்ணெய் மினுமினுப்பு, விரலால் தடவினால் மெல்லிய நரம்புகள் தட்டுப்படும். பெயர் அச்சிட்ட காகித வளையம் இரண்டு சுற்றியிருக்கும். கீழே உள்ளதில் ஒவ்வொரு சுருட்டுக்கும் தனி எண் அச்சடித்திருப்பார்கள். போலிகள் அவ்வளவு வந்ததால் செய்த ஏற்பாடு அது, வாங்கும்போது அந்த எண்ணைப் பாருங்கள்.

வாயில் வைக்கும் தலைப்பக்கத்தை மூடியிருக்கும் தொப்பியில் மெல்லிய ஒரு வளையம் மட்டும் வெட்டினால் போதும், ஆழமாக வெட்டினால் மேலிலை பிரியும். வெட்டிய பிறகு பற்றவைக்காமலே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். உலர்ந்த திராட்சை, கொஞ்சம் கொக்கோ, உதட்டில் மட்டும் ஒரு மிளகு உறைப்பு. கெட்டி மோரை ஸ்ட்ராவில் உறிஞ்சும்போது இருக்கிற மாதிரி லேசாகத் தடை இருக்க வேண்டும், அதுதான் சரியான இழுப்பு. காற்று மாதிரி வந்தால் சூடாக எரியும், வரவே இல்லையென்றால் அன்றைக்கு வாய் வலிதான் மிச்சம்.

பற்றவைக்க பியூட்டேன் லைட்டர் அல்லது நீளத் தீக்குச்சி. பெட்ரோல் லைட்டர் வேண்டாம், அந்த வாடை முதல் பத்து நிமிடத்தைக் கெடுத்துவிடும். தீ நேராகப் படக்கூடாது, அடிப்பக்கத்தைத் தீக்கு மேலே தள்ளிப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். ஓரம் முழுவதும் கறுத்ததும் வாயில் வைத்து மெதுவாக இழுங்கள், அப்புறம் அடிப்பக்கத்தில் லேசாக ஊதிப் பாருங்கள், வட்டம் முழுவதும் சமமாகக் கனன்றால் சரி.

முதல் ஐந்து நிமிடம் மிளகுதான். நாக்கில் இல்லாவிட்டாலும் மூக்கில் கட்டாயம் தெரியும். பலரும் இங்கேயே முடிவுகட்டிவிடுகிறார்கள், அது சரியில்லை. அந்த மிளகு தணியத் தணிய கசப்புச் சாக்லேட் மேலே வரும், கூடவே தேவதாரு மரத்தின் உலர்ந்த வாசனை. நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். புகையை நெஞ்சுக்குள் விடக்கூடாது, வாயிலேயே சுழற்றி வெளியே விட வேண்டும். அதில் கடைசி ஒரு துளியை மட்டும் மூக்கு வழியாக விட்டுப் பாருங்கள். நாக்குக்குப் புளிப்பு, இனிப்பு, கசப்பு, உப்பு என்று கொஞ்சம்தான் தெரியும், வறுத்த கடலை, கறுப்புக் காப்பி என்றெல்லாம் பிரித்துச் சொல்வது மூக்குதான். முதல் முறை கண்ணில் நீர் வரும், பழகிவிடும்.

நான் இந்தச் சுருட்டுக்குக் காசு கொடுப்பது இரண்டாவது பகுதிக்காக. பாதி எரிவதற்குச் சற்று முன்னாலிருந்து அது ஆரம்பிக்கும். புகை அடர்த்தியாகி வாயில் ஒரு வழவழப்பு வரும், கொக்கோவும் காப்பியும் ஒன்றோடொன்று கலந்துபோகும், விழுங்கிய எச்சிலில்கூட இனிப்பு நிற்கும். காரம் போய்விடவில்லை, அடியிலேயே இருக்கிறது, ஆனால் தொண்டையில் கமறல் துளியும் இல்லை. சாம்பல் வெளிர் சாம்பல் நிறத்தில் ஓர் அங்குலம் வரை உதிராமல் நிற்கும். தட்டாதீர்கள், சாம்பல் கிண்ணத்தின் விளிம்பில் லேசாகச் சாய்த்தாலே விழும். இந்தக் கட்டத்தில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லச் சொல்ல அணைந்துபோகும். போகட்டும், உள்ளே இருக்கும் பழைய புகையை வெளிப்பக்கமாக ஊதிவிட்டு மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம். அணைந்துவிடுமோ என்று பயந்து பயந்து இழுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கடைசிப் பகுதியில் காரம் திரும்பும், மண் வாசனை கூடும், விரலில் சூடு தெரியும்போது வைத்துவிடுவேன். நசுக்கி அணைக்கத் தேவையில்லை, வைத்தால் தானாகவே அணையும், நாற்றமும் குறைவு.

அந்த வழவழப்பு எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு நிகரகுவாவின் எஸ்டெலி ஊருக்குப் போனபோதுதான் புரிந்தது. தலைநகர் மனாகுவாவிலிருந்து வடக்கே மலையேறும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஊருக்குள் எங்கே திரும்பினாலும் சுருட்டுத் தொழிற்சாலைதான். வெளியாட்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டும் ஓர் ஆலையில் இலைக் கிடங்கைத் திறந்தார்கள். உள்ளே காலெடுத்து வைத்ததும் அமோனியா நெடி கண்ணைக் கரித்தது. உலர்த்திய இலையை மார்பளவு உயரத்துக்குப் போர் போட்டு வைத்திருக்கிறார்கள், அதைப் பிலோன் என்கிறார்கள். தன் கனத்திலும் ஈரத்திலும் அது தானே சூடேறும். நடுவில் ஒரு வெப்பமானி செருகியிருக்கும், அளவு மீறினால் போரைப் பிரித்து உள்ளே இருந்ததை வெளியிலும் வெளியே இருந்ததை உள்ளேயும் வைத்து மறுபடி அடுக்குவார்கள். நம் ஊரில் பாடம் போடுவது என்கிறோமே, அதேதான், ஆனால் மாதக்கணக்கில். மதூரோ நிறம் சாயம் அல்ல, இந்தச் சூட்டை மேலிலை அதிகமாக வாங்கியதன் விளைவு. நெடி போவதும் காரம் பதமாவதும் இங்கேதான். அதற்குப் பிறகும் இலையைக் கட்டி ஆண்டுக்கணக்கில் உறங்கவிடுகிறார்கள். 1964 வரிசைக்குக் குறைந்தது 4 ஆண்டு என்று பத்ரோன் நிறுவனம் சொல்கிறது. நான்கு வருஷம் விற்காமல் கிடக்கும் சரக்கில் முடங்குகிற பணத்தை நினைத்துப் பாருங்கள், சுருட்டின் விலையில் பெரும்பங்கு எனக்கு அங்கேதான் தெரிகிறது.

நிலத்துக்கும் பங்கு உண்டு. எஸ்டெலியின் கறுப்பு மண்ணில் விளைவது தடித்த, காரமான இலை. ஹோண்டுராஸ் எல்லையை ஒட்டிய ஹலாப்பா பள்ளத்தாக்கு இலையில் இனிப்பும் மென்மையும் அதிகம். கொண்டேகா கல்லும் மண்ணுமான பூமி, இரண்டுக்கும் நடுவில் நிற்கும். செடியின் உச்சி இலைதான் லிஹேரோ, நல்ல வெயில் வாங்கியது, மெதுவாக எரியும், அதனால் அதைச் சுருட்டின் நடுமையத்தில் வைக்கிறார்கள். ஓரத்தில் வைத்துவிட்டால் ஒரு பக்கமாகவே எரியும். அந்த ஆலையில் ஆணும் பெண்ணுமாக இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் உள்ளிலையை மடித்துக் கட்டுகிறார், மற்றவர் சவேத்தா என்கிற வளைந்த கத்தியால் மேலிலையை வெட்டிச் சுற்றுகிறார். சுற்றும்போது அந்தப் பெண் இலையை இழுத்துப் பிடித்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது, கிழியும் எல்லை வரை இழுக்கிறார், கிழிவதில்லை.

இந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஹோசே ஓர்லாந்தோ பத்ரோனைப் பற்றியும் சொல்லாமல் விட மனமில்லை. கியூபாவின் பினார் தெல் ரியோவில் 1926இல் பிறந்தவர். புரட்சிக்குப் பிறகு நிலம் போனது, மயாமிக்கு வந்து தச்சுவேலை செய்து சேர்த்த 600 டாலரில் 1964இல் சுருட்டுத் தொழில் தொடங்கினார். 1970இல் எஸ்டெலிக்குப் போனார். 1978இல் நிகரகுவாவின் சர்வாதிகாரி சொமோசாவுக்கு எதிரான கிளர்ச்சியின்போது ஆலை எரிந்தது. கியூபா அரசியல் கைதிகளை விடுவிக்க ஃபிடல் காஸ்ட்ரோவோடு பேசப் போன குழுவில் இருந்ததற்காக மயாமியில் அவருடைய இடத்தில் குண்டு வைத்தார்கள், ஒரு தடவை அல்ல, பல தடவை. 1985இல் அமெரிக்கா நிகரகுவா மீது வணிகத் தடை போட்டது. இத்தனைக்கும் பிறகு தொழிலின் 30ஆம் ஆண்டுக்காக 1994இல் கொண்டுவந்ததுதான் இந்த வரிசை. 2017இல் காலமானார். அந்த மனிதர் மீது எனக்கு அளவில்லாத மரியாதை.

குடிக்க என்ன? விஸ்கி வேண்டாம் என்பேன், அது நாக்கை மரக்கச் செய்துவிடும். சர்க்கரை போடாத கறுப்புக் காப்பி, பக்கத்தில் தண்ணீர். வெறும் வயிற்றில் தொடவே கூடாது. தலை கிறுகிறுத்தால் கொஞ்சம் சர்க்கரை வாயில் போட்டால் தெளியும். இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், புகையை நெஞ்சுக்குள் விடவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குச் சுருட்டும் காரணம்தான். இதைத் தெரிந்தே எப்போதாவது பிடிக்கிறேன். புகைக்காதவர்கள் இதைப் படித்து ஆரம்பிக்க வேண்டாம்.

கடைமடை:

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் சார். நான் சென்னையில் இருக்கிறேன். எனக்கு 1964 கிடைத்தது துபாயிலிருந்து வந்த நண்பர் மூலமாக, அதே எக்ஸ்க்ளூசிவோ, ஆனால் நேச்சுரல், மதூரோவைவிட வெளிர் மேலிலை சுற்றியது. நீங்கள் சொன்ன இரண்டாம் பகுதி இதிலும் உண்டு, ஆனால் சாக்லேட்டைவிட வறுத்த முந்திரி பக்கம் போகிறது, தேவதாரு கடைசி வரை கூடவே வருகிறது. மொட்டைமாடியில் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்து பிடித்தேன், காற்று வேகமாக அடித்தால் ஒரு பக்கமாக எரிந்து ஓடும் என்பதால்தான்.

நம் ஊர் வெயிலில் வைத்துக் காப்பாற்றுவதைப் பற்றி எழுதுகிறேன், இங்கே அதைத்தான் பலரும் கேட்கிறார்கள். ஈரப்பதம் காக்கும் விலை உயர்ந்த ஹியூமிடார் பெட்டி தேவையே இல்லை. காற்றுப் புகாத நல்ல பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் போவேடா பொட்டலம் ஒன்று, சின்ன ஈரமானி ஒன்று. எங்கும் 70 என்று எழுதுகிறார்கள், ஆனால் இந்தப் பத்ரோன்கள் 65இல்தான் எனக்கு நன்றாக எரிந்தன, 70இல் மேலிலை ஊதிப்போய் இழுப்பு இறுகியது. ஈரத்தைவிடச் சூடுதான் நமக்கு எதிரி. 25 டிகிரிக்கு மேல் போனால் இலைக்குள் முட்டையாக இருக்கும் புகையிலை வண்டு பொரிக்க ஆரம்பிக்கும், மேலிலையில் குண்டூசித் துளை மாதிரி ஓட்டை போட்டுவிட்டு அடுத்த சுருட்டுக்குப் போகும். பெரிய ஆலைகள் ஏற்றுமதிக்கு முன்பே உறையவைத்து அனுப்புகின்றன, இருந்தாலும் எந்தக் கடையில் எப்படிக் கிடந்ததோ தெரியாத சரக்கை நான் இரட்டைப் பையில் போட்டு ஃப்ரீசரில் சில நாள் வைத்து, பிறகு ஒருநாள் சாதாரண ஃப்ரிட்ஜில் வைத்து, அப்புறம்தான் டப்பாவுக்கு மாற்றுகிறேன். நேராக வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும். டப்பா இருப்பது ஏசி ஓடும் அறையில், அலமாரியின் அடித்தட்டில்.

ஒரு கேள்வி சார். முதல் முறை பிடிப்பவருக்கு நேச்சுரலா, மதூரோவா?

வடமதுரைக்காரன்:

கானல் அண்ணே, பாடம் போடுவது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தாத்தா திண்டுக்கல்லில் சுருட்டு சுற்றியவர். வேடசந்தூர்ப் பக்கத்து இலை, போர் போட்டுப் பிரித்து, திரும்பப் போர் போட்டு, வீடே அந்த நெடியில் கிடக்கும். அதனால் நண்பர் ஒருவர் பத்ரோன் மதூரோவைக் கொடுத்தபோது நான் முதலில் மோந்துதான் பார்த்தேன். நெடியே இல்லை! காய்ந்த பழமும் மரமும்தான் மணந்தன. எங்கள் ஊர்ச் சுருட்டு சுற்றிய சூட்டோடு சந்தைக்குப் போய்விடும், இலைக்கு உறங்க நேரம் எங்கே கிடைக்கிறது? கைவேலையில் குறை சொல்ல முடியாது அண்ணே. தாத்தா கண்ணை மூடிக்கொண்டே ஒரே கனத்தில் சுற்றுவார். நம் சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்திருக்கும், அதனால் தொப்பி வைக்கும் வேலை மட்டும் கிடையாது. நம் இலையையும் யாராவது நான்கு வருஷம் உறங்கவைத்துச் சுற்றிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று பிடித்து முடிக்கிற வரை அதே யோசனைதான்.

கானல்:

கடைமடை, முதல் முறை என்றால் நேச்சுரல். காரம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் மதூரோவின் இனிப்பு மற்றதை மூடிவிடும், நேச்சுரலில் தேவதாரு, கொட்டை, மிளகு எல்லாம் தனித்தனியாகக் காதில் விழும் அளவுக்குத் தெளிவு. அதைப் பழகிவிட்டு மதூரோவுக்கு வந்தால் அந்த இலை மட்டும் என்ன கூட்டுகிறது என்று தெரியும். எக்ஸ்க்ளூசிவோ நீளமாகத் தோன்றினால் இதே வரிசையில் ப்ரின்சிப்பே இருக்கிறது, சின்னது, விலையும் குறையும். 65 பற்றிச் சொன்னது எனக்கும் ஒத்துப்போகிறது.

வடமதுரைத் தம்பி, தாத்தாவைப் பற்றி இன்னும் எழுதுங்கள். போரை எத்தனை முறை பிரிப்பார், சூட்டைக் கைவைத்துப் பார்த்தே சொல்லிவிடுவாரா, மேலே சுற்ற எந்த இலையை ஒதுக்குவார், நினைவிருப்பதை எல்லாம் எழுதுங்கள்.