செவ்வாய்க்கு அப்புறம் என்ன கிழமை?

பாளையங்கோட்டை, ஒரு அம்மா:

என் மகனுக்கு இப்போது பத்து வயது. டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, என்று தெரிந்தது எட்டு வயதில். யோசித்துப் பார்த்தால் நாலு வயதிலேயே அவன் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறான், எங்களுக்குத்தான் பிடிபடவில்லை.

குளிக்கப் போகும் பாபநாசம் அவன் வாயில் "பாநாபசம்". தாமிரபரணி "தாமிபரரணி". ஆச்சி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் அவனைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்கள். மழலை என்றே நினைத்தோம். ஆறு வயதிலும் அது போகவில்லை. பொருளின் பெயரும் சட்டென்று வராது. செம்பு என்பதற்குப் பதில் "அந்த... தண்ணி மோந்து ஊத்துவோம்லா, அது" என்பான். செவ்வாய்க்கு அப்புறம் என்ன கிழமை என்று கேட்டால் ஞாயிற்றிலிருந்து விரலை மடக்கிக்கொண்டு வருவான். நடுவில் ஒன்று நழுவிவிடும், திரும்பவும் ஞாயிறு.

ஆனால் நெல்லையப்பர் தேரோட்டம் பார்த்துவிட்டு வந்தால், வடம் எங்கே அறுந்தது, தேர் எந்த முக்கில் எவ்வளவு நேரம் நின்றது என்று அரைமணி நேரம் கதை சொல்வான். இவ்வளவு விவரமான பிள்ளைக்கு வாசிப்பு வராது என்று யார் நினைப்பார்கள்?

ஒன்றாம் வகுப்பில் வாசிக்கிறான் என்றே நம்பினோம். விரல் வைத்து ஒரு பக்கத்தைக் கடகடவென்று சொல்லிவிடுவான். ஒருநாள் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால் விரல் மூன்றாவது வரியில் நிற்கிறது, வாய் கடைசி வரியில் இருக்கிறது. படத்தைக் கையால் மூடிவிட்டு நடுவில் ஒரு சொல்லைக் காட்டினேன். புத்தகத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான். சாயங்காலம் தெருவில் ஒட்டியிருந்த கோயில் கொடை நோட்டீஸைக் காட்டினேன். "குடை" என்றான். இல்லை என்றதும் "கடை" என்றான். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து சத்தமாக ஒப்பிக்கும்போது அவனும் ஒப்பித்திருக்கிறான். அந்தக் கூட்டத்துச் சத்தத்துக்குள் ஒரு பிள்ளை வருஷக்கணக்கில் ஒளிந்துகொள்ளலாம்.

அதற்குப் பிறகும் நேராக விஷயத்துக்கு வந்தோமா என்றால், இல்லை. கண் டாக்டரிடம் போனோம், பார்வையில் குறை இல்லை என்றார். டியூஷன் வைத்தோம். பள்ளிக்கூட டைரியில் "கவனமில்லை, சோம்பல்" என்று எழுதி வந்தது. அவன் அப்பா கை நீட்டிய நாளும் உண்டு, எழுதவே கூசுகிறது. காலையில் வயிற்றுவலி என்பான். ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. அதையும் நடிப்பு என்றோம்.

கடைசியில் ஒரு சிறப்பு ஆசிரியை உட்கார வைத்துச் சோதித்தார். "மரம்னு சொல்லு. அதுல முதல் சத்தத்தை எடுத்துட்டா மிச்சம் என்ன?" கூட வந்திருந்த தங்கை, அவளுக்கு ஐந்து வயது, பட்டென்று "ரம்" என்றாள். இவன் வெகுநேரம் யோசித்து, "இலை" என்றான். அறிவில் ஒரு குறையும் இல்லை, சொல்லுக்குள் இருக்கிற சத்தங்களைப் பிரித்துப் பிடிப்பதில்தான் சிக்கல் என்று அவர் சொன்னார்.

உங்கள் வீட்டில் முதலில் எது தட்டுப்பட்டது? எழுதுங்களேன்.

அம்பாசமுத்திரம் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியை:

நான் 32 வருஷம் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். டைரியில் "சோம்பல்" என்று எழுதிய கைகளில் என் கையும் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எழுத்தைத் திருப்பிப் போட்டாலே டிஸ்லெக்சியா என்று பயந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கில b-யை d-யாகத் திருப்பிப் போடுவது ஏழு வயது வரை பல பிள்ளைகளிடம் உண்டு. அதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. நான் கேட்பது வேறு. பேச்சு தாமதமாக வந்ததா? "பட்டு, தட்டு, கட்டு" என்றால் அதே ஓசையில் இன்னொன்று சேர்க்கத் தெரிகிறதா? எழுத்தின் பெயர் இன்றைக்குப் படித்து நாளைக்கே மறந்து போகிறதா? அப்பா, மாமா, பெரியப்பா யாருக்காவது இதே கதையா? இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்து, சொல்லிக்கொடுத்தும் மாறாமல் நின்றால் அப்போது விடக்கூடாது.

தமிழ் எழுதியபடியே வாசிக்கிற மொழி, நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வராது என்று நானே பேசியிருக்கிறேன். தப்பு. ஆங்கிலத்தில் போலப் பிழை பளிச்சென்று தெரியாது, வேகம்தான் வராது. மூன்றாம் வகுப்பிலும் எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருப்பார்கள், வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்திருக்கும். 247 எழுத்தில் ந, ண, ன ஒரு பக்கம், ல, ள, ழ ஒரு பக்கம். கொம்பு அதற்கு மேல். ஒரு பையன் என்னிடம் கேட்டான், "டீச்சர், கெ-க்கு கொம்பு முன்னால நிக்கி, சத்தம் மட்டும் பின்னால வருதே, ஏன்?" எவ்வளவு நுணுக்கமான கேள்வி! "கேள்வி கேக்காம எழுதுல" என்றேன். அவன் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். போன வருஷம் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் இடத்தில் பார்த்தேன். கணக்கையெல்லாம் மனசிலேயே போடுகிறான். "டீச்சர்" என்று எழுந்து நின்றான். நான் சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

மேலப்பாளையம், ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்:

டீச்சர், வீட்டில் யாருக்காவது என்று கேட்டீர்களே, அந்த யாரோ நான்தான்.

பஸ் போர்டை நான் வாசிப்பதில்லை. முதல் எழுத்தையும் மொத்த நீளத்தையும் பார்த்து ஏறுவேன். ஆலங்குளம் என்று நினைத்து ஆழ்வார்குறிச்சி பஸ்ஸில் உட்கார்ந்த ஆள் நான். வாட்ஸ்அப்பில் யார் எழுதிக் கேட்டாலும் குரல் பதிவில்தான் பதில் போடுவேன், திமிர் பிடித்தவன் என்று மச்சானே சொல்கிறார். எஞ்சினைப் பிரித்துப் போட்டால் எந்த நட்டு எங்கே என்று எனக்கு எழுதிவைக்க வேண்டியதில்லை, அது வேறு விஷயம்.

மகளுக்கு ஆறு வயது. கடைப் போர்டெல்லாம் வாசிக்கிறாள் என்று பெருமையாக இருந்தேன். தெருமுனை மளிகைக்கடைக்கு வேறு பெயிண்ட் அடித்த அன்றைக்கு மாட்டிக்கொண்டாள். "வாப்பா, இந்தக் கடை புதுசா?" என்று கேட்டாள். எனக்குக் கையெல்லாம் சில்லிட்டது. எங்கே காட்டுவது? இந்தக் குறை இருக்கிறது என்று ஆறு வயதிலேயே சர்டிபிகேட் வாங்க வேண்டுமா?

பாளையங்கோட்டை, ஒரு அம்மா:

அண்ணே, சான்றிதழுக்கு அவசரம் இல்லை. மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயதை ஒட்டித்தான் சோதித்துத் தருவார்கள் என்று எங்களுக்குச் சொன்னார்கள். ஆனால் பயிற்சிக்கு அதுவரை காத்திருக்காதீர்கள், எங்களுக்கு வீணாய்ப்போனது அந்த வருஷங்கள்தான். முதலில் காதையும் கண்ணையும் சோதித்துவிடுங்கள். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருப்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. சான்றிதழ் பின்னால் பொதுத்தேர்வுக்கு உதவும், கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் கேட்கலாம். மாத்திரை, டானிக் என்று யாராவது விற்றால் மட்டும் வாங்கிவிடாதீர்கள். இதற்கு மருந்து கிடையாது.

வீட்டில் நாங்கள் செய்வது புளியங்கொட்டை விளையாட்டு. ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கொட்டையை நகர்த்த வேண்டும். "மரம்", "பழம்" என்று சின்னச் சொல்லில் தொடங்கினோம். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம்தான், அதற்கு மேல் போனால் அவனும் எரிச்சலாவான், நானும் கத்துவேன். நேற்று அவனே "தாமிரபரணி" என்று எடுத்தான். ஆறு கொட்டையையும் நகர்த்தி முடித்தான். மூன்றாவதையும் ஐந்தாவதையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "எம்மா, இதுல ர ரெண்டு தடவ வருது. இவ்வளவு நாளா இதுதான் என்னைய ஏமாத்திருக்கு" என்றான்.