லீன் வேரூன்றிய நிறுவனத்தில் அஜைல் ஏன் ஒட்டவில்லை?

கேள்வி:
வணக்கம். வாகன உதிரிபாக ஆலை ஒன்றின் உற்பத்திப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். விரயத்தைக் குறைத்துத் தரத்தை உயர்த்தும், டொயோட்டா வழிவந்த லீன் முறை எங்களிடம் ஓரளவு வேரூன்றிவிட்டது. இப்போது எங்கள் மென்பொருள் பிரிவில், வேலையைச் சிறு சிறு கட்டங்களாகச் செய்து அவ்வப்போது திருத்திக்கொள்ளும் அஜைல் முறையைக் கொண்டுவரும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். தினமும் காலையில் பதினைந்து நிமிடக் கூட்டம் நடக்கிறது, எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் கான்பன் பலகையும் சுவரில் இருக்கிறது. ஆனால் வேலை நடக்கும் விதம் மாறவில்லை. ஆலையில் கற்றதில் எதை அங்கே எடுத்துச் செல்லலாம், எதை விட்டுவிட வேண்டும்?

மறுமொழி 1:
கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய ஆலை, டொயோட்டாவுடன் கூட்டாக 1984இல் நும்மி என்ற பெயரில் மீண்டும் இயங்கத் தொடங்கியது. சொல்லாமல் விடுப்பெடுப்பவர்கள், எதற்கும் மல்லுக்கு நிற்பவர்கள் என்று பெயர் கெட்டிருந்த பழைய தொழிலாளர்களையே பெரும்பாலும் திரும்ப எடுத்தார்கள். ஆனாலும் தரம் வெகு விரைவில் உயர்ந்தது. அங்கே அசெம்பிளி லைன் ஓரமாக, கோளாறு கண்டால் யாரும் இழுக்கக்கூடிய ஆண்டான் கயிறு தொங்கும். போல்ட் சரியாக இறங்கவில்லை என்று ஒருவர் அதை இழுத்தால் பலகையில் அவர் நிற்கும் இடத்துக்குரிய விளக்கு எரியும், குழுத் தலைவர் உடனே வந்து நிற்பார். அந்த வண்டி அப்பகுதியின் எல்லையை எட்டுவதற்குள் கோளாறு தீராவிட்டால் லைனே நிற்கும். இழுத்தவரை யாரும் கடிந்துகொண்டதில்லை. பின்னர் விற்பனை சரிந்தபோதும் ஆட்குறைப்புச் செய்யாமல், அந்த நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் இதே முறையைத் தன் வான் நைஸ் ஆலையில் புகுத்த முயன்றபோது லைனை நிறுத்த மேற்பார்வையாளர்களுக்கே மனம் வரவில்லை, முறையும் நிலைக்கவில்லை. உங்கள் மென்பொருள் பிரிவில் அந்தக் கயிறு யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஆலையை அப்படியே மென்பொருளுக்குப் பெயர்த்து வைக்க முடியாது. அஜைல் முறைகளில் பரவலான ஸ்க்ரம் என்பதன் பெயரே 1986இல் ஜப்பானிய மேலாண்மை அறிஞர்களான டகேயுச்சியும் நோனகாவும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அவர்கள் ஆராய்ந்தது ஹோண்டா, கேனன் போன்ற நிறுவனங்கள் புதிய பொருளை உருவாக்கிய விதத்தை, அசெம்பிளி லைனை அல்ல. ஒரே காரை ஆயிரக்கணக்கில் செய்யும் இடத்தில் வேறுபாடு என்பது விரயம். ஒருமுறை எழுதிய நிரலை யாரும் மறுபடி எழுதப்போவதில்லை என்பதால், வாடிக்கையாளர் நடுவில் மனம் மாறுவதுகூட எங்களுக்குத் தேவையான தகவல்தான். ஆகவே நிலையான வேலைமுறை, வேலைக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கு ஆகியவற்றை ஆலையிலேயே விட்டுவிடுங்கள்.

கயிற்றை மட்டும் கட்டாயம் கொண்டுவாருங்கள். நான் முன்பு இருந்த அணியில் கட்டணப் பகுதியின் நிரல் சோதனை இரண்டு நாள் சிவப்பாகவே, அதாவது தோல்வி காட்டியபடியே கிடந்தது. பார்த்த இளம் பொறியாளர், வெளியீடு தள்ளிப்போனால் பழி தன்மேல் விழும் என்று அஞ்சி வாய் திறக்கவில்லை. அதன்பின், சிவப்பைக் கண்டால் எல்லாரும் புது நிரலை நிறுத்திவிட்டு அதைத்தான் சரிசெய்ய வேண்டும் என்று முடிவுசெய்தோம். அதற்கு அணித் தலைவர் உடன்பட மூன்று மாதம் ஆயிற்று.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வெளியீட்டை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்று இன்று விசாரித்தேன். பிரிவுத் தலைவருக்கு மட்டும்தான் என்றார்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பலகையை ஒதுக்கிவைத்துவிட்டு இதைத்தான் பேசப்போகிறேன்.