பிரிபொசிஷனில் வாக்கியத்தை முடிக்கலாமா?

திருமங்கலம் ஆசிரியர்: கோரிப்பாளையத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் ஒருவர், "பழைய கிராமர் விதிகள் காலாவதியாகிவிட்டன, கூச்சமின்றிப் பேசினாலே போதும்" என்று எழுதியிருப்பதைப் படித்துக் கொதித்துப்போனேன். 'டு', 'வித்', 'ஃபிராம்' போன்ற பிரிபொசிஷனில் ஆங்கில வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்று என்னிடம் படித்தவர்கள்தான் இன்று உயர் நீதிமன்றக் கிளையில் பிழையில்லாமல் மனு எழுதுகிறார்கள்.

மாட்டுத்தாவணி வாசகன்: ஐயா, நீங்கள் காட்டிய அந்த ஒன்று விதியே அன்று. நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் வரிகளில் அதைக் குறையென்று 1672இல் சொன்னவர் ஆங்கிலக் கவிஞர் டிரைடன். 1762இல் இலக்கணம் எழுதிய இராபர்ட் லௌத், அது பேச்சில் இயல்பாக வழங்குவது என்று ஒப்புக்கொண்டு, உயர்ந்த நடைக்குப் பிரிபொசிஷனை முன்னால் வைப்பதே அழகு என்று மட்டும் சொன்னார். ஆங்கில வழக்கு பற்றிய அகராதி எழுதிய ஃபவுலர் 1926இலேயே இத்தடையை மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டார்.

திருமங்கலம் ஆசிரியர்: அழகு என்றாரா, இல்லையா? தேர்வுத் தாளும் மனுவும் உயர்ந்த நடையில் எழுத வேண்டியவை. ஆகவே முடிக்கக் கூடாது.

திருப்பரங்குன்றம் மாணவி: "ஹூ ஆர் யூ டாக்கிங் டு" என்று எழுதியதற்காக எனக்கு மதிப்பெண் குறைத்தார்கள். ஆங்கிலேயரே அப்படித்தான் கேட்கிறார்கள். பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல்ல என்று நன்னூலே சொல்கிறதே!

திருமங்கலம் ஆசிரியர்: ஒற்று மிகும் இடங்களைப் பற்றிய விவாதத்திலும் இதே நூற்பாவைக் காட்டித்தான் நழுவினீர்கள், நான் மறக்கவில்லை. அது நன்னூலின் 462ஆம் நூற்பா, கடைசி நூற்பா. முந்தைய 461ஐயும் கற்றவருக்கே பவணந்தியார் அந்த உரிமையைத் தருகிறார்.

மேலூர்க்காரன்: அந்த வகுப்புக்காரர் வாங்கும் கட்டணத்தை யாராவது கேட்டீர்களா? கிராமரே வேண்டாம் என்பவருக்கு அவ்வளவு பணம் எதற்கு?

மாட்டுத்தாவணி வாசகன்: கட்டணத்தைப் பிறகு பேசலாம். எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள பொருத்தத்தை விட்டுவிடச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? ஆங்கிலேயர் தம் பேச்சில் இடைவிடாமல் வழங்கிவரும் ஒன்றைப் பிழையென்று சொல்லி, அதற்காக ஒரு மாணவியின் மதிப்பெண்ணில் கை வைப்பதைத்தான் கேட்கிறேன். லௌத் எந்த இடத்தில் "கூடாது" என்றார், ஐயா?

திருமங்கலம் ஆசிரியர்: அழகு என்றார். நல்ல மாணவருக்கு அந்த ஒரு சொல்லே விதி. என்னிடம் வரும் தாளில் வாக்கியம் பிரிபொசிஷனில் முடிந்தால் சிவப்பு மையால் சுழிப்பேன்.

மாட்டுத்தாவணி வாசகன்: "கூடாது" என்ற சொல்லைத்தான் கேட்டேன், ஐயா. அதை இன்னும் நீங்கள் காட்டவில்லை.