கருடமங்கலத்துக் கடல் நத்தை: புதிய சிற்றினம் என்று எப்போது சொல்லலாம்?

கேள்வி: மாணவன்_புவியியல்

அனைவருக்கும் வணக்கம். நான் புவியியல் முதுகலை மாணவன். திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, கருடமங்கலம் பகுதியில் உள்ள சுமார் 9 கோடி ஆண்டு பழைமையான கிளிஞ்சல் சுண்ணாம்புப் பாறையிலிருந்து களப்பணியின்போது கிடைத்த கடல் நத்தைகளில், ஒரே வடிவத்தைச் சேர்ந்த ஐந்து மாதிரிகள் எனக்குப் பெரும் குழப்பமாக உள்ளன. அவற்றின் உயரம் 18 முதல் 27 மி.மீ. வரை. ஒவ்வொரு புரியிலும் (ஓட்டின் ஒரு சுற்று) செங்குத்தான விலாக்களும் (புடைத்த வரம்புகள்) அவற்றைக் குறுக்கே வெட்டும் சுழல் வரிகளும் உள்ளன. இரண்டும் சந்திக்கும் இடங்களில் சிறு முடிச்சுகள் தெரிகின்றன. தென்னிந்தியப் புதைபடிவ நத்தைகளை ஆராய்ந்த ஸ்டோலிச்கா 1867-68இல் வெளியிட்ட விளக்கங்களில் மிக நெருங்கி வரும் சிற்றினத்துக்குக் கடைசிப் புரியில் விலாக்கள் மறைந்துவிடுகின்றன; என் மாதிரிகளிலோ அவை வாய் விளிம்புவரை தொடர்கின்றன. இந்த வேறுபாட்டை வைத்துப் புதிய சிற்றினம் என விவரிக்கலாமா?

பதில் 1: பழம்புரி

விலா தொடர்வதும் மறைவதும் பல நத்தைக் குடும்பங்களில் வயதைப் பொறுத்து மாறும் பண்பு என்பதால், உங்கள் ஐந்தும் வளர்ந்தவையா, வளரும் பருவத்தவையா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். ஸ்டோலிச்காவின் மாதிரி எட்டாம் புரியை எட்டியிருக்க, உங்களுடையது ஆறாம் புரியோடு நின்றிருந்தால், இரண்டின் 'கடைசிப் புரி'யையும் ஒப்பிடுவது பிழையாகும். ஆறாம் புரியை ஆறாம் புரியோடுதான் ஒப்பிட வேண்டும். வாயின் வெளி உதடு தடித்திருந்தால் வளர்ச்சி நின்றுவிட்டது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் விலாக்கள் மங்கிய ஓர் ஓட்டைப் புதியது என நம்பி விளக்கம் முழுவதையும் எழுதி முடித்திருந்தேன். பிறகு உருப்பெருக்கியில் பார்த்தபோது, ஓட்டின் மேலடுக்கு உரிந்து உள்ளடுக்கு மட்டுமே மிஞ்சியிருந்தது தெரிந்தது. விலங்குக்கு உரிய வேறுபாடு எது, பாறை செய்த வேறுபாடு எது என்று பிரித்துச் சொல்ல முடியாதவரை பெயர் வைக்கக் கூடாது என்பதில் அன்றிலிருந்து நான் உறுதியாக இருக்கிறேன். பாறையின் அழுத்தத்தில் ஓடு நசுங்கினால், ஓட்டின் கூர்நுனியான முகட்டின் கோணமும் மாறும். எனவே ஐந்தையும் தனித்தனியே அளந்து அட்டவணையிடுங்கள், சராசரியை மட்டும் தராதீர்கள்.

பதில் 2: ஏடும்_கல்லும்

மேலே சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். அச்சிட்ட படத்தோடு ஒப்பிடுவது தொடக்கம் மட்டுமே. பெயரைத் தாங்கி நிற்பது மூலமாதிரிதான், அதாவது எதை வைத்து அந்தச் சிற்றினத்துக்குப் பெயர் சூட்டினார்களோ அந்த மாதிரி. ஸ்டோலிச்காவின் மாதிரிகள் கொல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் உள்ளன. அவருக்கு முன்பே, கேயும் கன்லிஃபும் தென்னிந்தியாவில் சேகரித்தவற்றை ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்திருக்கிறார். அதைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் முந்திய பெயருக்கே முன்னுரிமை. நேரில் செல்ல இயலாவிட்டால், நான்கு பக்கங்களிலிருந்தும் எடுத்த ஒளிப்படங்களைக் கேட்டு எழுதுங்கள். அக்காலக் கல்லச்சு ஓவியர்கள் உடைந்த பகுதியை ஊகித்து நிறைவுசெய்வதுண்டு. கல்லில் திருப்பி வரையத் தவறினால் இடமும் வலமும் மாறிவிடும்.

இங்கே நம் மொழி தொடர்பான ஓர் எச்சரிக்கையும் தேவை. நாம் அரிதென்று போற்றும் வலம்புரிச் சங்கு, முகட்டை மேலே வைத்து வாயைத் தன் பக்கம் திருப்பிப் பார்க்கும் உயிரியலாளருக்கு இடப்பக்கம் திறக்கும் ஓடு. விளக்கத்தைத் தமிழில் குறித்துக்கொண்டு பிறகு மொழிபெயர்ப்பவர்கள் இதில் எளிதாகத் தவறிவிடுகிறார்கள்.

பதில் 3: நுண்முகடு

ஒருவரும் முகட்டின் நுனியைக் கேட்கவில்லையே! கருவோடு எனப்படும் அந்த முதல் சில புரிகள் பெரும்பாலும் ஒரு மி.மீட்டருக்கும் குறைவானவை, ஆனால் பேரினத்தையும் குடும்பத்தையும் முடிவுசெய்வதில் அவை பல வேளைகளில் விலாக்களைவிட நம்பகமானவை. சிறிய தொடக்கமும் பல புரிகளும் இருந்தால் குஞ்சு நீரில் மிதந்து நுண்ணுயிர்களை உண்டு வளர்ந்தது எனவும், பெரிய தொடக்கமும் குறைந்த புரிகளும் இருந்தால் முட்டையின் கருவுணவிலேயே வளர்ந்தது எனவும் பொதுவாகக் கொள்ளலாம். நுனியை மூடியிருக்கும் பாறைத்துகளை அமிலத்தால் கரைக்க முயலாதீர்கள். ஓடும் அதே கார்பனேட்தான். உருப்பெருக்கியின் கீழ், ஊசியால், ஒரு நாளைக்குக் கால் புரி என்ற பொறுமையோடு தள்ளுங்கள்.

படம் எடுக்கும் முன் ஓட்டைக் கறுப்பு மையால் மெல்லப் பூசி உலரவிட்டு, கண்ணாடிக் குழாயில் அம்மோனியம் குளோரைடைச் சூடாக்கி வரும் வெண்புகையை மேலே படியவிட்டால், வெறும் கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சிக் கோடுகள்கூட எழுந்து நிற்கும். வேலை முடிந்ததும் அதைக் கழுவி உலர்த்திவிடுங்கள். அந்த உப்பு ஈரத்தை இழுக்கும்.

பதில் 4: ஏடும்_கல்லும்

பெயரைப் பற்றிச் சுருக்கமாக. விலங்குப் பெயரிடலுக்கான பன்னாட்டு விதிகளின்படி, 1999க்குப் பின் வெளியாகும் பெயருக்கு அது புதிய சிற்றினம் என்ற வெளிப்படையான அறிவிப்பும், மற்றவற்றிலிருந்து பிரித்தறியும் விளக்கமும், குறிப்பிட்டுச் சொன்ன மூலமாதிரியும், அது வைக்கப்படும் சேகரிப்பின் பெயரும் வேண்டும். மூலமாதிரி பெரியதாக இருக்க வேண்டியதில்லை. வாயும் முகடும் முழுமையாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மின்னிதழில் மட்டும் வெளியாவதானால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு கட்டாயம். நினைத்து வைத்திருக்கும் பெயரைத் தயவுசெய்து இந்த இழையில் எழுத வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: மாணவன்_புவியியல்

ஐயா, அம்மா, அனைவருக்கும் மிக்க நன்றி. இன்று ஐந்தையும் மீண்டும் பார்த்தேன். நான்கில் முகடு ஒடிந்திருக்கிறது; மீதமுள்ள 22 மி.மீ. மாதிரியில் நுனி பாறைத்துகளுக்குள் புதைந்துள்ளது. வெளி உதடு எதிலும் தடிக்கவில்லை. ஆகவே இப்போதைக்குப் பேரினப் பெயரோடு நிறுத்தி, சிற்றினத்தைப் பெயரிடாமல் ஆய்வேட்டில் பதிவுசெய்கிறேன். அந்த ஒரு முகட்டை நாளை முதல் ஊசியால் திறக்கத் தொடங்குகிறேன்.