அம்பாசிடர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு: வெல்டிங் தாங்கவே இல்லை

மார்க்3_ஈரோடு:
அப்பா வாங்கிய 1978 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். இன்ஜின் புகையை சைலன்சர் பைப்புக்குக் கொண்டுபோகும் வார்ப்பு இரும்பு மேனிஃபோல்டில், நடு போர்ட்டை (புகை வரும் வாயை) ஒட்டி விரிசல். ஒரு பட்டறையில் சாதாரண வெல்டிங் ராடு வைத்து வெல்டிங் செய்து கொடுத்தார்கள். பவானி போய்த் திரும்புவதற்குள் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புதுக் கீறல். வண்டிக்குள் புகை வாடை வருகிறது, குழந்தைகளை ஏற்றவே பயமாக இருக்கிறது. ஸ்டீல் பைப்பில் புதிதாகச் செய்துவிடலாமா? அப்பா ஓட்டிய வண்டி, அசலாகவே வைத்திருக்க ஆசை.

பழைய_லேத்:
தம்பி, அசலையே காப்பாற்றலாம். தப்பு ராடில்தான். வார்ப்பு இரும்பில் 2 முதல் 4 சதவீதம் கார்பன். அவசரமாகச் சூடேறி அவசரமாக ஆறினால், வெல்டிங் ஓரம் கண்ணாடி போல இறுகி வெடிக்கும். 55 சதவீத நிக்கல் ராடு கேளுங்கள். விலை கூடத்தான், வேறு வழியில்லை.

விரிசல் கண்ணுக்குத் தெரிவதைவிட நீளமாக இருக்கும். சாயம் அடித்து முனைகளைக் கண்டுபிடித்து, இரண்டிலும் 3 மி.மீ. துளை போடச் சொல்லுங்கள். அப்புறம் பளபளவென்று புது இரும்பு தெரியும்வரை விரிசலைக் குடைய வேண்டும். இத்தனை வருடம் புகை தின்ற இரும்பு. முதல் வெல்டிங் குமிழ் குமிழாக வந்தால் கடைந்து எறிந்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். மொத்தத் துண்டையும் கரி அடுப்பில் 300 டிகிரிக்குச் சூடாக்கி, ஒவ்வோர் அங்குலமாக வெல்டிங் வைத்து, சூட்டோடு சுத்தியலால் மெல்லத் தட்டணும். கடைசியில் உலர்ந்த சாம்பலில் புதைத்துவிட்டு மறுநாள்தான் எடுக்கணும். நான் இதில் மட்டும் அவசரத்துக்கு இடம் கொடுப்பதே இல்லை.

இன்ஜினோடு ஒட்டும் முகத்தைச் சமமாகச் சீவும்போது, இன்லெட்டையும் (இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் மேனிஃபோல்டு) சேர்த்துப் பூட்டிச் சீவுங்கள். தனித்தனியாகச் சீவினால் ஒன்று உட்காரும், மற்றது காற்று இழுக்கும்.

பத்மினிப்பிரியன்:
விரிசலில் பித்தளையை உருக்கி வைத்து அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். என் வண்டியில் ஏற்காடு மலை ஏறும்போதே விட்டுப்போனது. அந்தச் சூட்டில் பித்தளை இளகிவிடும். இன்னொன்று, சைலன்சர் பைப்பைத் தாங்கும் பிராக்கெட் இருக்கிறதா? என்னுடையதில் இல்லை. பைப்பின் கனம் முழுக்க மேனிஃபோல்டில் தொங்கியதால்தான் முதலில் விரிசலே விட்டது.

மார்க்3_ஈரோடு:
இப்போதுதான் படுத்துப் பார்த்தேன். பிராக்கெட் இல்லை, கியர்பாக்ஸ் பக்கம் போல்ட் ஓட்டை மட்டும் இருக்கிறது. இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பரும் கிழிந்திருக்கிறது. முதலில் இவை இரண்டும், அப்புறம் நிக்கல் ராடு. ரொம்ப நன்றி அண்ணா.