கிட்ஹப் பயிலரங்கில் உங்களுக்கு நடந்தது என்ன?

வேலந்தாவளத்தான்:
பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். கிட்ஹப்பில் (பலர் சேர்ந்து நிரல் எழுதும் இணையதளம்) கணக்குத் தொடங்கியது, குளோன் செய்தது (அங்குள்ள கோப்புகளின் பிரதியைக் கணினியில் இறக்கியது) எல்லாம் உங்களுக்கே தெரிந்த கதை. ஒரே கோப்பில் ஆளுக்கு ஒரு வரியாகப் பெயரைச் சேர்த்து, எல்லோரும் நேராக மெயினுக்கே (கிட்ஹப்பில் உள்ள பொதுவான முதன்மைப் பிரதிக்கே) புஷ் செய்யச் சொன்னார், அதாவது தள்ளச் சொன்னார் பயிற்சியாளர். முதல் ஆளுக்குப் போயிற்று. மற்றவர்களுக்கு ‘ரிஜெக்டட்’. புல் செய்தால் (பிறர் செய்த மாற்றங்களை இறக்கினால்) கான்ஃப்ளிக்ட், ஒரே இடத்தில் இரண்டு மாற்றங்கள் மோதுகின்றன என்று. எப்படியோ மாலைக்குள் ப்ரொஜெக்டர் திரை நிறையப் பெயர்கள். தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகள் சிலர் தமிழிலேயே எழுதியிருந்தார்கள்.

என் பக்கத்து இருக்கைப் பையன் மட்டும் காலையில் எடுத்த பழைய பிரதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். யூடியூபில் எதையோ பார்த்து, ‘ஃபோர்ஸ்’ போட்டு, பொதுப் பிரதியின் மேல் தன் பிரதியைக் கட்டாயமாகத் தள்ளிவிட்டான். பயிற்சியாளர் பக்கத்தைப் புதுப்பித்தார். திரையில் ஒரே ஒரு பெயர், அவனுடையது. “சாரே, எங்கள் பெயரெல்லாம் எங்கே போயிற்று?” என்று பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள். அவர் வாயே திறக்கவில்லை. ப்ரொஜெக்டரை அணைத்துவிட்டுச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கிவிட்டார். பையன் அதை வாங்காமலே வெளியேறினான். இன்றும் உறுத்துகிறது.

மீனாட்சிபுரம் மணி:
எங்கேயும் போகவில்லை ஐயா! லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் கிட்ஹப்புக்கு அடிப்படையான கிட் மென்பொருளை எழுதியபோதே, ஒவ்வொருவர் கணினியிலும் மாற்றங்களின் முழு வரலாறும் இருக்கும்படிதான் எழுதினார். அந்தப் பையனுக்கு முன்னால் கடைசியாக ஒழுங்காகப் புஷ் செய்தவரின் கணினியில் அத்தனை பெயரும் இருந்திருக்கும். அங்கிருந்து மறுபடி தள்ளியிருந்தால் முடிந்தது. மெயினில் இப்படித் தள்ள முடியாதபடி பாதுகாப்பு விதி போடாமல் வகுப்பு நடத்தியவரை விட்டுவிட்டுப் பையனை ஏன் சொல்கிறீர்கள்?

நகரிக்காரி:
நான் ஆந்திரப் பக்கம். எங்களுக்குக் கொடுத்த அச்சுத்தாளில் ‘பயனர் பெயர், கடவுச்சொல் கொடுக்கவும்’ என்று இருந்தது. கடவுச்சொல்லை வைத்துப் புஷ் செய்வதை கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 அன்றே நிறுத்திவிட்டது. டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் திரையில்) கடவுச்சொல் தட்டும்போது ஓர் எழுத்தும் தெரியாது என்பதையும் யாரும் சொல்லவில்லை. என் தோழி கீபோர்டைத் தூக்கிக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினாள். ஒரு பிஸ்கட் துணுக்கு விழுந்தது. மறுபடியும் தட்டச்சு செய்தாள், மறுபடியும் பிழைச்செய்தி. மதியச் சாப்பாடு வரை அவள் கீபோர்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

கஞ்சிக்கோட்டிலிருந்து:
கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டிய டோக்கன் (கிட்ஹப் உருவாக்கித் தரும் நீண்ட எழுத்துத்தொடர்) தகராறு எனக்கும் உண்டு, அது கிடக்கட்டும். இனிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கணக்கை வீட்டிலேயே தொடங்கி, மின்னஞ்சலை உறுதிசெய்துவிடுங்கள். டோக்கனை உருவாக்கியவுடன் நகலெடுத்து வையுங்கள், பக்கத்தை விட்டு நகர்ந்தால் மறுபடி காட்டாது. டோக்கனுக்குப் பதில் எஸ்எஸ்எச் (சாவிக்கோப்பு வைத்து இணையும் முறை) வைத்திருந்தால், அது வழக்கமாகப் போகும் 22ஆம் போர்ட்டை (இணைப்பு வாசலை) கல்லூரி வலையமைப்பு அடைத்திருக்கலாம். 443 வழியாகவும் கிட்ஹப் எஸ்எஸ்எச் தரும், அமைப்புக் கோப்பில் இரண்டு மூன்று வரிதான். முக்கியமாக, ஆளுக்கொரு பிராஞ்ச் (மெயினைத் தொடாத தனிக் கிளை) கேளுங்கள். தர மறுத்தால் ஃபோர்க் செய்து (உங்கள் கணக்கில் ஒரு நகல் எடுத்து) புல் ரிக்வெஸ்ட் (உங்கள் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்புங்கள். பெயரையும் மின்னஞ்சலையும் கிட்டில் முதலிலேயே அமைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கமிட் (பதிவுசெய்த மாற்றம்) ஆய்வகக் கணினியின் பெயரில் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

வேலந்தாவளத்தான்:
மணி, பையனை நான் குறை சொல்லவே இல்லை, திரும்பப் படியுங்கள். முழு வரலாறு பற்றிச் சொன்னீர்களே, அந்த ஆய்வகத்தில் கணினியை அணைத்துப் போட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் மென்பொருள் போட்டிருந்தார்கள். சான்றிதழ் கொடுக்கும்போதே உதவியாளர் வரிசையாக அணைத்துக்கொண்டு வந்தார்.

மீனாட்சிபுரம் மணி:
அப்படியா, அது தெரியாது. ஆனாலும் ஃபோர்ஸால் ஒதுக்கப்பட்ட கமிட்டை கிட்ஹப் உடனே அழிப்பதில்லை. அதன் எண் (எழுத்தும் இலக்கமும் கலந்த அடையாளம்) கிடைத்தால் பெரும்பாலும் திறக்கும், முதல் ஏழு எழுத்தே போதும். அந்த எண் தெரியும்படி அன்று யாராவது திரையைப் படம் எடுத்தார்களா?